ஈஸ்ட் டப்பாவும் பண்டகசாலையும்

சென்ற மாதம் தென் சென்னைக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஈஸ்ட் பொடியும் மாத்திரையும் தருவித்து அங்கத்தினர்களுக்குத் தவணைக் கடனில் வழங்கவேண்டும் என்பது அது. தியாகராய நகர் மருந்துக் கடைகளில் அவை விற்பனையாவதைக் கண்ட சிலர், வயிறு, நீரிழிவு, கொழுப்பு மூன்றுக்கும் நல்லது என்று பரிந்து பேசினர். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அது கைவிடப்படவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஈஸ்டை நாம் இகழவில்லை. அதன் பெருமை நெசவாலைப் பெண்களிடத்தேதான் நிலைநாட்டப்பட்டது. 1928-ல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூஸி வில்ஸ், கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களை வாட்டிய கொடிய இரத்த சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்ததும் அவர்கள் தேறினர். 1931-ல் இச்செய்தியை அவர் வெளியிட்டார். சாற்றிலிருந்த சத்து இன்னதென்று அன்று எவரும் அறியார். 1941-ல் பசலைக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்ட பின்னரே அது ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அதனைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க ஆய்வுக் குழுவின் தலைவர், நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். (அப்பெயரை நம்மூரில் பலர் அறியாதது நமக்கு ஒரு குறையே.) இன்று அம்மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்துடன் சேர்த்துக் கருவுற்ற பெண்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதைக் கடன்பட்டு வாங்குவானேன்?

வயிற்றைப் பொறுத்தவரை, பிரெஞ்சுக்காரரான ஹென்றி பூலார் 1920-களில் இந்தோ-சீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து பிரித்த ஈஸ்ட் வகை ஒன்று உண்டு. கிருமிக்கொல்லி மருந்துகளால் நேரும் வயிற்றுப்போக்கை அது குறைப்பது சோதனைகளில் தெரிந்துள்ளது. ஆயினும் அது உயிருள்ள பொருள். எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகளின் இரத்தத்தில் கலந்து அபாயம் விளைவித்ததும் உண்டு. மருத்துவர் எழுதித் தரவேண்டியதைப் பண்டகசாலை எழுத்தர் எடுத்துக் கொடுக்கலாகாது. டப்பாவில் வரும் உணவு ஈஸ்டோ உயிரற்றது. அதனிடம் இப்பயனை எதிர்பார்த்தல் வீண். நீரிழிவுக்கென விற்கப்படும் குரோமியம் ஈஸ்ட் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வலியால் வருந்துவோருக்கோ ஈஸ்ட் ஆகாது.

அதே தொகைக்கு விவசாயச் சங்கங்களிடமிருந்து பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் நேரே கொள்முதல் செய்யலாம். ஃபோலிக் சத்தும் நார்ச்சத்தும் அவற்றிலேயே உள்ளன. பணமும் விளைவித்தவர் கையைச் சேரும். இத்திருத்தத்தை அடுத்த கூட்டத்தில் முன்மொழிய ஓர் அங்கத்தினர் இசைந்துள்ளார்.