எட்டுக்கால் உறவினர்

போன ஐப்பசியில் மாகறலுக்கு, அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், சேயாற்றங்கரையில் இருக்கிற ஊர். திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். பொன்னுடும்பாக வந்து புற்றில் மறைந்த சுவாமி, உடும்பின் வாலைப் போன்ற வடிவத்தில் அங்கே எழுந்தருளியிருக்கிறார் என்பது ஸ்தல புராணம்.

முதல் நாள் இரவே ஒரு ரகளை. குளியலறைக்குள் போய் விளக்கைப் போட்டேன். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி! வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை ஒன்றை வேறு அணைத்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் வீடே விழித்துக்கொண்டது.

"விளக்குமாறு எங்கே அத்தை?"

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும் விடும்மா. இந்த வீட்டிலே ஒரு கரப்பான் உன் கண்ணிலே பட்டுதா? ஆனைக்காவிலே சிவனுக்குப் பந்தல் போட்ட ஜாதி அது. அடிக்காதே!"

அத்தை சொன்னதில் பாதி புராணம், பாதி சாஸ்திரம். இந்தச் சுவர்ச் சிலந்தி வலை பின்னுவதே இல்லை. இரவில் ஓடி ஓடிக் கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. அந்த வெள்ளை வில்லை, அதன் முட்டைப் பை. குஞ்சு பொரிக்கும்வரை தாய் அதைக் கீழே வைக்காதாம். கைக்குழந்தைக்காரியைத்தான் நான் விளக்குமாற்றால் அடிக்கப் புறப்பட்டேன்!

எட்டுக்கால் பூச்சி என்று நாம் சொன்னாலும், சிலந்தி பூச்சியே அல்ல. பூச்சிக்கு ஆறு கால். தலை, மார்பு, வயிறு என்று மூன்று பாகம். தலையில் இரண்டு உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால், உடம்பில் இரண்டே பாகம். கொம்பும் கிடையாது, இறக்கையும் கிடையாது. அதற்கு மென்று தின்னவும் தெரியாது. இரையின்மேல் ஜீரண நீரை விட்டுக் கரைத்து, கஞ்சி குடிப்பதுபோல் உறிஞ்சிவிடுகிறது. உலகத்தில் இதுவரை பெயரிட்ட சிலந்தி வகைகள் மட்டும் 50,000-க்கு மேல். நம் ராமேசுவரத்திலேயே ஒரு மரச் சிலந்திக்கு, அங்குள்ள அனுமார் கோவிலின் பெயரைச் சேர்த்து 2004-ல் பெயர் வைத்தார்கள். மரங்கள் குறைந்துபோனதால் அது இன்று அழியும் நிலையில் இருக்கிறது.

சிலந்திக்கு உறவினர்களும் உண்டு. தேள் அதன் ஒன்றுவிட்ட சகோதரி. தாயைத் தின்றுவிட்டுத்தான் தேள்குஞ்சு பிறக்கும் என்று சொல்வார்கள், அது பொய். தேள் முட்டையிடாமல் குட்டி போடுகிறது. குட்டிகள் முதல் தடவை சட்டை உரிக்கும்வரை தாயின் முதுகிலேயே சவாரி செய்கின்றன. கன்னங்கரேலென்று பெரிதாக இருக்கும் நட்டுவாக்காலியைக் கண்டு நாம் நடுங்குகிறோம். உண்மையில் அதைவிடச் சின்னதான செந்தேள்தான் பொல்லாதது; குழந்தைகளின் இருதயத்தையே தாக்கிவிடும். கொங்கணத்தில் மகாட் என்ற ஊரில் வைத்தியம் செய்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைச் செந்தேள் கடிக்குக் கொடுத்து, 1980-களிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இவை கண்ணுக்குத் தெரியும் உறவினர். தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. அண்ணன் பிள்ளை, ஒன்பது வயதுப் பையன், நெருப்புப் பெட்டி ஒன்றை நீட்டினான். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் தைத்தாற்போல் குன்றிமணி அளவில் நாலு பட்டுப்பூச்சிகள்! தம்பலப்பூச்சி என்றும் இதைச் சொல்வார்கள். இதுவும் பூச்சியல்ல. எண்ணிப் பாருங்கள், எட்டுக் கால். உண்ணி வகையைச் சேர்ந்தது, பரம சாது. ஆற்றோரப் புதரில் மண்டியிட்டுப் பொழுதெல்லாம் பொறுக்கினானாம். "சமர்த்து!" என்று தட்டிக்கொடுத்தேன்.

சென்னைக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகவில்லை, பையனுக்கு ஜுரம். தலைவலி, உடம்பு வலி. 'ஊரெல்லாம் ஜுரமாக இருக்கிறது, போய்விடும்' என்றார் ஒரு டாக்டர். டெங்குவுக்கு ரத்தம் சோதித்தார்கள், இல்லையென்று வந்தது. ஐந்தாம் நாளும் ஜுரம் இறங்கவில்லை. பையன் துவண்டு கிடந்தான். இருமல் வேறு ஆரம்பித்துவிட்டது. அண்ணி அழாத குறை.

ஆறாம் நாள் வேறொரு டாக்டரிடம் போனோம். வயதானவர். "சமீபத்தில் கிராமத்துப் பக்கம் போனீர்களா?" என்று கேட்டார். பையனின் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குள், கழுத்து, காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்தார். கடைசியில் அரைஞாண் கயிற்றைச் சற்றே விலக்கினார். அதன் அடியில், நெருப்புப் பட்டு ஆறினாற்போல் ஒரு கறுப்புப் பொருக்கு!

அண்ணி திகைத்துப் போனாள். "இதையா? குளிப்பாட்டும்போது பார்த்தேனே! கயிறு உராய்ந்த புண் என்று எண்ணெய் அல்லவா தடவினேன்!"

அதுதான் கண்ணுக்குத் தெரியாத உறவினரின் கையெழுத்து. பட்டுப்பூச்சிக்குச் சொந்தமான இன்னொரு உண்ணி உண்டு. அதன் குஞ்சு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். புதரிலும் புல்லிலும் காத்திருந்து, எலியின் மேலோ மனிதர் மேலோ ஏறிக்கொள்கிறது. துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாகப் பார்த்துக் கடிக்கிறது. வலியும் தெரியாது. அதன் உடம்பில் ஒரு கிருமி இருந்தால், கடித்த ஒன்று இரண்டு வாரங்களில் ஜுரம் வருகிறது. ஸ்க்ரப் டைபஸ், அதாவது புதர்க்காட்டு ஜுரம் என்று பெயர். இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களை வாட்டிய ஜுரம் இதுதான். நம் வேலூர், காஞ்சிபுரம் பக்கங்களிலும் மழைக்குப் பிந்திய மாதங்களில் வருகிறது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாவற்றையும் தொட்டுவிடும்.

ஆனால், சரியான மருந்துக்கு இது உடனே கட்டுப்படும். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மருந்துதான். முற்றிப்போனவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுத்தால் குணம் அதிகம் என்று, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் வேறு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. எங்கள் பையனுக்கு இரண்டே நாளில் ஜுரம் விட்டது. மூன்றாம் நாள் ரசம் சாதம் கேட்டான்.

சகோதரிகளே, விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகள் புதர்ப் பக்கம் போனால், உடம்பை மூடும் சட்டை போட்டு அனுப்புங்கள். துவைத்த துணியைப் புல்லிலும் செடியிலும் உலர்த்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, போட்டிருந்த துணியைத் துவைத்துவிடுங்கள். வீட்டைச் சுற்றிப் புதரும் எலியும் சேரவிடாதீர்கள். இந்த ஜுரத்துக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆகையால் குழந்தையை ஒதுக்கி வைக்க வேண்டாம். பிறகு ஜுரம் வந்தால், கிராமத்துக்குப் போய் வந்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, அரைஞாண் கயிற்றின் அடி எல்லாம் பாருங்கள். கறுப்புப் பொருக்கு சிலருக்கு இராது. அதனால் பொருக்கு இல்லையே என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம்.

பொங்கலுக்கு மறுபடி மாகறல் போனோம். பையன் முழுக்கால் சட்டையோடு விளையாடப் போனான். குளியலறைச் சுவரில் அதே மாதிரி ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. நான் கத்தவில்லை. "கொஞ்சம் நகர்ந்துக்கோ அம்மா!" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டேன்.