வானத்துக் கண்ணும் மலைநாட்டு மண்ணும்

பொல்பிட்டியவின் அருகே மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கலந்து களனி கங்கையாகின்றன. 1969ஆம் ஆண்டு முதல் அங்கு மின்சாரம் பிறக்கிறது. கொழும்பு மாநகரின் குடிநீருக்கும் அக்கங்கையே ஆதாரம். மழைநீரைத் தாங்கி மெல்ல மெல்ல ஆற்றுக்கு வழங்குவது சிவனொளிபாதமலைச் சாரலின் காடு. அக்காடு அழிந்தால் நீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். நீர்த்தேக்கங்கள் தூர்ந்து போகும். சரிவிலே லயன்களில் உறங்கும் தொழிலாளியின் தலைமீது மலை இறங்கும். ஆகவே, காட்டைக் கணக்கெடுப்பது வெறும் அலுவலக வேலையன்று. மலையக மக்களின் உயிர்ப் பிரச்சினை.

முன்னர் இக்கணக்கு எவ்வாறு எடுக்கப்பட்டது? 1956இல் விமானத்திலிருந்து பிடித்த படங்களைக் கொண்டு, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் ஆராய்ந்தபோது, நாட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு காடு இருந்தது. 2010இல் செய்மதிப் படங்களைக் கொண்டு எடுத்த கணக்கு 30 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு என்றது. இன்று ஒரு மாற்றத்தை அறிய அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 1972 முதல் பூமியைப் படம்பிடித்து வரும் லான்ட்சாட் செய்மதிகளின் படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசம். ஐரோப்பிய நாடுகளின் சென்டினல் செய்மதிகள் சில நாட்களுக்கு ஒருமுறை நம் மலைகளைக் கடக்கின்றன; பத்து மீற்றர் அகல நிலத்துண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. மேகம் மறைத்தால் ராடார் அதனையும் ஊடுருவுகிறது. புவியியல் தகவல் முறைமை, அப்படத்தின்மீது மலைச் சரிவையும் மழையளவையும் ஆற்றையும் தோட்ட எல்லையையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, ஆபத்து எங்கே என்று சுட்டுகிறது.

ஆனால் கண் மட்டும் இருந்தால் போதுமா? பிரேசில் நாட்டைப் பாருங்கள். 2004இல் அமேசன் காட்டில் 27,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் அழிந்தது. செய்மதி எச்சரிக்கையைப் பெற்றதும் அதிகாரிகள் காட்டுக்குள் விரைந்தனர், அபராதம் விதித்தனர். பிற நடவடிக்கைகளும் துணைநிற்க, 2012இல் அழிவு 5,000 சதுர கிலோமீற்றருக்கும் கீழே இறங்கியது. பின்னர் வந்த ஆட்சிக்கு அந்தக் கணக்கே கசந்தது. 2019இல் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் பதவியிழந்தார். கண்ணாடியை உடைத்தால் முகத்தின் கறை போய்விடுமா?

நம் நாட்டிலோ, படம் இருந்தும் பயனில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. ஆயினும், 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்தபோது தொழிலாளர் அங்கேயே இருந்தனர், லயன்கள் புதையுண்டன. போவதற்கு வேறு நிலமில்லாத மனிதனிடம் "எழுந்து போ" என்று சொல்வது எச்சரிக்கையாகுமா? 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் பலரைப் பலிகொண்டபோதும் அதே கேள்வி எழுந்தது.

இன்னொன்றையும் கூறாமலிருக்க முடியாது. வானிலிருந்து நோக்கினால் இயற்கைக் காடும், விறகுக்காக நட்ட யூக்கலிப்டஸ் தோப்பும் பச்சையாகவே தோன்றும். தோப்பை வெட்டினால் காடழிவு என்று கணக்காகலாம். காடழிந்த இடத்தில் தோப்பு எழுந்தால் காடு வளர்ந்தது என்றும் கணக்காகலாம். தரையில் இறங்கிச் சரிபார்த்தாலன்றி உண்மை விளங்காது. அச்சரிபார்ப்புக்கு மலையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த தோட்டத் தொழிலாளியைவிடத் தகுதியுடையவர் யார்? ஆயினும், சுள்ளி பொறுக்கும் அவனே காட்டுத் திருடன் எனப்படுகிறான். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமைப் பத்திரமற்ற நிலங்களை முடிக்குரியதாக்கி, காடுகளைக் கோப்பிக்காக விற்றவர் யார்? கோப்பி நோயால் மடிந்தபின் தேயிலையை நட்டவர் யார்? உழைத்தவனுக்கு அம்மண்ணில் ஒரு சாண் நிலமும் சொந்தமாகவில்லை.

எனவே நாம் கேட்பது இதுதான். காட்டு மாற்றத்தையும் மண்சரிவு அபாயத்தையும் காட்டும் படங்கள் தமிழிலும் அச்சாகி ஒவ்வொரு தோட்டத்திலும் ஒட்டப்படல் வேண்டும். தொழிலாளியின் விறகுக் கட்டோடு கம்பனிகளின் நிலப் பயன்பாடும் அப்படங்களிலே பதியப்படல் வேண்டும். ஆபத்தென்று குறித்த இடத்து மக்களுக்குப் பாதுகாப்பான நிலம் உரிமைப் பத்திரத்தோடு வழங்கப்படல் வேண்டும்.

வானத்திலே கண் விழித்திருக்கிறது. கண்டதைச் செயலாக்க வேண்டியது ஆட்சியாளரின் கடமை. அதனைக் கேட்டுப் பெற வேண்டியது நம் கடமை.