கப்பற் பாயும் கணக்கில் வாராத உழைப்பும்

பழைய ஊர்களைப் புதிதாகக் கட்டி மக்களுக்குக் காட்டுவது வீண் செலவு என்று கருதுவோர் உண்டு. நாமும் ஓரளவு அத்தகைய எண்ணத்துடனேயே டென்மார்க் நாட்டில் ரீபே நகரை அடுத்துள்ள வைக்கிங் கிராமத்திற்குச் சென்றோம். திரும்பும்போது அவ்வெண்ணம் நம்மிடம் இல்லை.

ரீபே, கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய வாணிப ஊர். டென்மார்க்கின் நகரங்களுள் மிகப் பழமையானது. அங்கே அகழ்ந்தபோது மணி செய்வோர், சீப்புச் செய்வோர், வெண்கலம் வார்ப்போர் ஆகியோரின் பட்டறைத் தடயங்கள் கிடைத்தன. இத்தகைய சான்றுகளைக் கொண்டே வீடுகளையும் கடைத்தெருவையும் மீண்டும் எழுப்பியிருக்கின்றனர். பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைக்காமல், தொழிலையே செய்து காட்டுவது இதன் சிறப்பு.

நெசவாளர் நின்று பார்க்கவேண்டியது அக்காலத்துத் தறியாகும். அது சுவரில் சாய்த்து நிறுத்திய நெட்டுத் தறி. மேலே ஒரு கட்டை. அதிலிருந்து பாவு நூல்கள் தொங்குகின்றன. அவை விறைப்பாக நிற்பதற்காகக் கீழே களிமண் குண்டுகளோ கற்களோ கட்டப்படுகின்றன. நெய்பவர் நின்றுகொண்டே ஊடையை மேல்நோக்கி அடித்து நெருக்குகிறார். இராட்டை அக்காலத்தில் அங்கில்லை. நூல் முழுவதும் தக்கிளியில் நூற்றதேயாகும்.

வைக்கிங் என்றதும் கப்பலும் வாளுமே பலருக்கும் நினைவு வரும். ஆனால், காற்றைப் பிடித்து அக்கப்பலைச் செலுத்திய பாயை நெய்தவர் யார்? அதே நாட்டின் கிழக்கே ரோஸ்கில்டே கடற்கழியில் 1962இல் ஐந்து பழங்கப்பல்களை அகழ்ந்தெடுத்தனர். அவற்றுள் ஒரு சரக்குக் கப்பலைப் பின்பற்றி 'ஒட்டார்' என்னும் கப்பலைக் கட்டினர். அதன் கம்பளிப் பாய் ஏறத்தாழ 90 சதுர மீட்டர்.

நெசவாளர் முறைப்படி நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். சென்டிமீட்டருக்குப் பாவு 10, ஊடை 5 எனக் கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 1,500 மீட்டர் நூல் வேண்டும். பாய் முழுமைக்கும் 135 கிலோமீட்டர். தக்கிளியில் மணிக்கு 50 மீட்டர் நூற்றால், நூற்புக்கு மட்டும் 2,700 மணி நேரம்! நாளொன்றுக்கு 8 மணி வீதம் ஒருவர் உழைத்தால் ஏறக்குறைய 338 நாள்கள். உரோமத்தைச் சிக்கெடுத்ததும், பாவு ஓட்டியதும், நெய்ததும், தைத்ததும் இதில் சேரவில்லை.

கப்பலைச் செலுத்திய தலைவர்களின் பெயர்கள் கதைகளிலும் கல்லெழுத்துக்களிலும் நிலைத்துள்ளன. நூற்ற பெண்களின் பெயர்களைக் காண்பது அரிது. அக்கிராமத்தில் ஒரு முழம் நூல் உருவாவதைப் பார்த்து நிற்பவருக்கு இந்த அநீதி தானே விளங்கும். அச்செலவு வீணன்று என நாம் கொள்வதற்கு இதுவே காரணம்.

அங்கத்தினர்களே, ஆயிரம் ஆண்டுகட்கு முந்தைய குறையென்று இதை ஒதுக்கிவிடலாகாது. நம் வீடுகளில் தார் சுற்றுவோரின் உழைப்பும், களத்தில் தானியம் தூற்றி உலர்த்துவோரின் உழைப்பும் எந்தப் பேரேட்டில் ஏறுகின்றன? நெய்தவர் பெயரில் கூலியும் விளைவித்தவர் பெயரில் விலையும் பற்று எழுதப்படுகின்றன; துணைநின்ற கைகள் மறைந்துபோகின்றன. கூட்டுறவு என்பது உழைத்தோர் அனைவரின் பங்கையும் மதிப்பதாகும். ஆதலின், அடக்கவிலையைக் கணக்கிடும்போது இவ்வேலைகளைத் தனித்தனியே குறித்து மதிப்பிடவும், அவற்றைச் செய்வோரை அங்கத்தினராகச் சேர்க்கவும் ஒவ்வொரு சங்கமும் முன்வர வேண்டும். பாயை மறந்து கப்பலைப் புகழும் தவறு நம்மிடம் நிகழாதிருக்கட்டும்.