ஹெக்கோடும் ‘வட்டாரக் கலை’ என்னும் சொல்லும்

நம் கல்விப்புலத்தில் ‘வட்டாரக் கலை’ என்ற சொல்லுக்கு எழுதப்படாத வரையறை ஒன்று வழங்கிவருகிறது. ஓர் ஊரில் எது பழையதோ, எது அழிந்துகொண்டிருக்கிறதோ, அதுவே அவ்வூரின் கலை. அதைப் பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமை. பாதுகாப்பது அரசின் கடமை. மாற்றாமல் நிகழ்த்திக்கொண்டிருப்பது கலைஞரின் கடமை. இந்தப் பங்கீட்டில் கலைஞருக்கு மட்டும் முடிவெடுக்கும் உரிமை இல்லை என்பதை எந்தக் கருத்தரங்கும் பொருட்படுத்துவதில்லை.

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர வட்டத்தில், பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த ஹெக்கோடு என்னும் சிற்றூர் இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை. அங்கு 1949இல் ஊர்க்காரர்களே தொடங்கிய நாடகக் குழு நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம், சுருக்கமாக நீனாசம். பாக்கு விவசாயியும் எழுத்தாளருமான கே. வி. சுப்பண்ணா அதன் உயிர்நாடியாக இருந்தார். 1973இல் திரைப்படச் சங்கம் உருவானது. உலகத் திரைப்படங்களை அந்த மலைநாட்டு மக்கள் பார்த்தார்கள், விவாதித்தார்கள். 1980இல் நாடகப் பள்ளி வந்தது. 1985இல் ‘திருகாட்ட’ என்னும் பயண நாடகக் குழு புறப்பட்டது. ஷேக்ஸ்பியரும் காளிதாசனும் பிரெக்டும் புதிய கன்னட நாடகங்களும் கர்நாடகத்தின் சிறுநகரங்களுக்கும் கிராமங்களுக்கும் சென்றது அப்படித்தான். 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

இதை வட்டாரக் கலை என்று அழைக்கலாமா என்று கேட்டால் பல ஆய்வாளர்கள் தயங்குவார்கள். யட்சகானம் வட்டாரக் கலை. பிரெக்ட் வெளித்தாக்கம் என்பார்கள். பெங்களூரில் ஒருவர் பிரெக்டைப் பார்த்தால் அவர் ரசிகர். ஹெக்கோட்டில் பார்த்தால் அது வியப்புக்குரிய விதிவிலக்கு. உலகத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நகரத்துக்கு உண்டு, கிராமத்துக்குத் தன் முன்னோரை நடித்துக்காட்டும் பொறுப்பு மட்டுமே உண்டு என்ற மேட்டிமை இத்தயக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. யட்சகானமும் ஒருபோதும் அசையாமல் நின்றதில்லை. சிவராம காரந்த் அதில் துணிந்து சோதனைகள் செய்தவர். நீனாசத்தின் அரங்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

திருகாட்ட புறப்பட்ட அதே 1985இல் அமெரிக்காவில் இந்திய விழா நடைபெற்றது. அதன் பகுதியான ‘அதிதி’ கண்காட்சியில் நம் கைவினைஞர்களும் நிகழ்த்துகலைஞர்களும் பார்வையாளர் முன் அமர்ந்து தொழில் செய்தனர். அக்காட்சி இடம்பெற்றது வாஷிங்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். அமைத்தவர்களின் நோக்கத்தில் கலைஞர்மீது உண்மையான அக்கறை இருந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரே ஆண்டில் இந்தியக் கலைஞருக்கு இரண்டு இடங்கள் வாய்த்தன. ஒன்றில் அவர் காட்சிப்பொருள். மற்றொன்றில் என்ன நாடகம், எந்த ஊர் என்று அவரது குழுவே தீர்மானித்தது. நம் கலைக்கொள்கை எந்த இடத்தை முன்மாதிரியாகக் கொண்டது என்பதை அதன் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் நாடகக் குழுக்களுக்கு வழங்கும் நல்கைக்கு இன்று ‘குரு-சிஷ்யப் பரம்பரை’ என்று பெயர். ஒருவரோடொருவர் விவாதித்து நாடகம் உருவாக்கும் நவீனக் குழுவும் தன்னை ஒரு குருவாகவும் சில சீடர்களாகவும் பிரித்து எழுதிக்கொடுத்தால்தான் அந்தப் பணத்தைக் கோர முடியும்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. நீனாசத்தின் பின்னால் நிலமும் கல்வியும் வாய்த்த, பாக்குத் தோட்டங்களை உடைய பிராமணக் குடும்பங்கள் இருந்தன. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியும் ஒரு கட்டத்தில் வந்தது. அத்தகைய வசதி இல்லாத சமூகங்களுக்கு ஹெக்கோடு எப்படி எடுத்துக்காட்டாகும்? மறுப்பு சரியானது. அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் பிழையானது. நிலமற்ற கலைஞர்களுக்கு ஹெக்கோடு எட்டாதது என்றால், அவர்களுக்கும் அரங்கமும் பயிற்சிக்காலமும் நூலகமும் கிடைக்க வழி தேட வேண்டும். அதற்கு மாறாக, அவர்களைப் பறையோடும் பொம்மையோடும் விழா மேடையில் பத்து நிமிடம் நிறுத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைப்பதையே ஆதரவு என்கிறோம். வசதி படைத்தவருக்குத் தேர்வுரிமை, வசதியற்றவருக்கு மரபு என்ற இப்பிரிவினை சாதியின் பழைய ஏற்பாட்டைப் பண்பாட்டின் பெயரால் புதுப்பிக்கிறது.

ஒரு கலைக்குழு ஊரில் நிலைப்பது புகழுரைகளால் அன்று. ஒத்திகைக்கு ஓர் இடம், நடிகருக்கு மாதச் சம்பளம், அரங்கப் பொருள்களை ஏற்றிச்செல்ல ஒரு வண்டி, ஆண்டுதோறும் திரும்பி வரும் பார்வையாளர்: இவையே அதன் அடித்தளம். இவற்றைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள் எத்தனை? ‘அழிவின் விளிம்பில்’ என்று தலைப்பிட்டவை எத்தனை? களப்பணிக்குச் செல்லும் மாணவர் இனி மூன்று கேள்விகளோடு போகட்டும். இந்தக் குழுவில் முடிவெடுப்பவர் யார்? இதைப் பார்க்க வருபவர் யார்? செலவை ஏற்பவர் யார்? இவற்றுக்கு விடை தேடாமல் எழுதப்படும் ஆய்வு, எத்தனை மணிநேர ஒளிப்பதிவைக் கையில் வைத்திருந்தாலும், கலைஞரிடமிருந்து எடுத்துக்கொண்டதேயன்றி அவருக்கு எதையும் கொடுத்ததாகாது.