ஆள் தேடுவதா? ஆளாக்குவதா?



இந்த வருஷத்தோடு பிளஸ் டூ அண்ணன்கள் மூன்று பேர் பள்ளியை விட்டுப் போகிறார்கள். நம் கூடைப்பந்து அணியில் ஐந்தில் மூன்று இடம் காலி. "உசரமா எவனாவது இருந்தா பிடிச்சுப் போடுடா, இல்லேன்னா வேற ஸ்கூல்லேர்ந்து யாராவது வர்றாங்களான்னு பாரு" என்று பலரும் சொல்றாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

கல்லூரிகள் ஆள் தேடுவது தப்பில்லை. ஒரு மாணவன் அங்கே மூன்று, நான்கு வருஷம்தான் இருப்பான். அதனால் ட்ரையல்ஸ் வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுக்கிறார்கள். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசமாகத் தருகிற கல்லூரிகள் சென்னையில் உண்டு. அமெரிக்காவில் இது இன்னும் பெரிய விஷயம். வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்க 2018இல் தனிப் பட்டியலே தொடங்கினார்கள். முன்பு மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் அந்த விதியும் தளர்ந்தது. இப்போது பல பயிற்சியாளர்கள் வருஷா வருஷம் காலி இடத்தை வெளியாட்களை வைத்தே நிரப்புகிறார்கள்.

ஆனால் பள்ளியும் அதையே செய்தால் கல்லூரிக்கு ஆள் எங்கிருந்து கிடைக்கும்? பள்ளிதானே நாற்றங்கால்!

அடுத்தது உயரம். கூடை 10 அடி உயரத்தில் இருக்கிறது, உயரம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 5 அடி 3 அங்குலமே இருந்த மக்சி போக்ஸ், அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் 1987 முதல் 14 சீசன் ஆடினார். 7 அடி 2 அங்குலம் உள்ள நம் பஞ்சாப் வீரர் சத்னம் சிங்கை 2015இல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் அவர்தான் முதல் ஆள், நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்த லீக்கின் மேட்ச் ஒன்றில்கூட அவரால் இறங்க முடியவில்லை. உயரம் மட்டும் போதாது என்று இதிலிருந்தே தெரியலையா?

அதனால் ஆளை எண்ணாமல் வேலையை எண்ணுவோம். போகிறவர்களில் ஒருவர் பந்தை மேலே கொண்டுவருபவர், ஒருவர் ரீபவுண்ட் எடுப்பவர், ஒருவர் தூரத்திலிருந்து போடுபவர். இடது கையிலும் டிரிபிள் செய்யப் பழகினால் முதல் வேலைக்கு ஒரு ஆள் ரெடி. எதிராளியை முதுகால் மறித்து நிற்கக் கற்றால் நடுத்தர உயரக்காரனும் ரீபவுண்ட் எடுப்பான். தினம் காலையில் 100 ஷாட் போடுகிறவன் மூன்றாவது இடத்துக்கு வருவான். இதையெல்லாம் ஒரே வாரத்தில் பழக முடியாது. அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

என் யோசனைகள்:

1. எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தம்பிகள் வாரம் இரண்டு நாளாவது நம்மோடு ஆடட்டும். அண்ணன்கள் போவதற்குள் அவர்களிடமே கற்றுக்கொள்ளட்டும்.

2. ஐந்து பேர் சேராவிட்டால் மூன்று பேராக அரை மைதானத்தில் ஆடலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே அந்த ஆட்டம் சேர்ந்துவிட்டது. 10 நிமிஷம் அல்லது 21 புள்ளி, அவ்வளவுதான்.

3. தங்கைகளுக்கும் பந்தைக் கொடுங்கள். இந்தியப் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை சென்னைக்காரர்தான்.

இது கோப்பை விஷயம் மட்டும் இல்லை. 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி நம் பிள்ளைச்சாவடியிலேயே இருக்கிறது, 2020 முதல் அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். சென்டாக் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடம் உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் போட்டியில் ஆட வேண்டும், போட்டிக்குப் போக அணி வேண்டும். இந்த வருஷம் அணி கலைந்தால் இன்றைக்கு ஒன்பதாவது படிக்கிற தம்பி, கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை, அந்த வாய்ப்பை இழப்பான்.

கரையைக் கடல் அரித்த பிறகு கல் கொட்டுவது நம் ஊருக்குத் தெரியாததா? அணியையும் அப்படி விட்டுவிட வேண்டாம். பி.டி. சார் பொங்கல் லீவுக்கு முன்பே ஜூனியர் பட்டியலை இந்தப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— பதினோராம் வகுப்பு மாணவன், கூடைப்பந்து அணி