கரையேறும் கடைசிப் பத்தடி



லயத்து வீட்டிலிருந்து தாமான் வீட்டுக்கு வந்த நம்மவரில் சிலர், பெர்மாஸ் ஜெயாப் பக்கம் ஞாயிறுதோறும் சிறு படகில் மீன்பிடிக்கப் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஆபத்து நடுக்கடலில் மட்டும் இருப்பதாக எண்ணாதீர்கள். துறைச் சரிவில் படகை டிரெய்லரில் ஏற்றும் கடைசிப் பத்தடியிலும் அது காத்திருக்கிறது.

1924-இல் திறக்கப்பட்ட ஜோகூர்-சிங்கப்பூர்ப் பாலம், கல்லைக் கொட்டிக் கட்டியது. அது நீரிணையை மறித்து நிற்பதால், நம் பக்கத்தில் கடல் கிழக்கிலிருந்துதான் ஏறி இறங்குகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். அதுவும் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். போன வாரக் கணக்கு இந்த வாரம் உதவாது. நீர் இறங்கிய சரிவில் பாசி படிந்திருக்கும். காலும் வழுக்கும், கார்ச் சக்கரமும் வழுக்கும்.

ஆகவே நீர் ஏறியிருக்கும்போதே கரை திரும்புங்கள். காரின் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். படகின் இயந்திரத்தைத் தூக்கிவிடுங்கள். வின்ச் வாரைப் படகின் முன்வளையத்தில் மாட்டி மெல்லச் சுற்றுங்கள். படகு வந்து அமர்ந்ததும் சங்கிலியும் போடுங்கள். வார் மட்டும் போதாது. அறுந்தால் படகு பின்னோக்கிப் பாயும்.

அப்போது பின்னால் நின்று தள்ளுவது யார்? பெரும்பாலும் நம் பிள்ளைகள்தாம்! அவர்களை மேட்டில் ஓரமாக நிறுத்துங்கள். மீன் கிடைக்காவிட்டால் சந்தையில் வாங்கலாம். பிள்ளையை எங்கே வாங்குவது?