புள்ளி இல்லாத ரூபாய்

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பூசை அறையில் பழைய வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கிறதா? இருந்தால், குத்துவிளக்கு துலக்கும் நாளில் அதையும் சேர்த்து விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1835ஆம் ஆண்டிலிருந்து வெள்ளி ரூபாய் ஒரே அளவாக அச்சிடப்பட்டது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். நூறு பங்கில் ஏறக்குறைய 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. சென்னை மாகாணத்து ரூபாய்க்கு 1818இலேயே இருந்த அளவுதான் இது. நாம் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பெரியவர்கள் ‘ஒரு தோலா’ என்று சொல்வதும் இந்த ரூபாயின் எடையைத்தான். வட சென்னையில் நாணயச்சாலை இருந்த தெரு இன்றும் தங்கசாலைத் தெருதான். அந்தச் சாலை 1869இல் மூடப்பட்டது. அதன்பின் கல்கத்தா, பம்பாய் ஆகிய இரு சாலைகளே நாணயம் அச்சிட்டு வந்தன. இரண்டாம் உலகப்போரின்போது 1943இல் லாகூரும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாணயம் எடையிலோ மாற்றிலோ குறைந்திருந்தால் எந்தச் சாலையைக் கேட்பது? அதற்காகத்தான் சாலைக் குறி. எட்வர்டு மன்னரின் தலை பொறித்த ரூபாயில் பின்புறம் அடியிலுள்ள தாமரைப் பூவைப் பாருங்கள். அங்கே ‘பி’ என்ற ஆங்கில எழுத்து குழிவாக இருந்தால் அது பம்பாய். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அதே தாமரைக்குக் கீழே கடுகிலும் சிறிய புள்ளி ஒன்று புடைத்து நிற்கும், அதுவும் பம்பாய். லாகூருக்கு ‘எல்’ என்ற எழுத்து. கல்கத்தாவுக்கு? குறியே கிடையாது!

இங்கேதான் சிக்கல். ‘புள்ளி இருக்கிறது, எனவே பம்பாய்’ என்பது ஓரளவு திடமான முடிவு. ‘புள்ளி இல்லை, எனவே கல்கத்தா’ என்பதோ அப்படியல்ல. புள்ளி முதலிலேயே இல்லையா, அல்லது இருந்து தேய்ந்துபோயிற்றா? அதை அறிய, புள்ளி இருக்கவேண்டிய இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் அருகிலுள்ள தாமரை இதழ்களின் கோடுகளைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். கோடுகள் கூர்மையாக இருந்து புள்ளி மட்டும் இல்லையென்றால் கல்கத்தா என்று துணியலாம். கோடுகளே மழுங்கியிருந்தால், குறிப்பேட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அப்படி எழுதும் துணிவு இல்லாதவருக்கு இந்தப் பொழுதுபோக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து.

இப்போது விபூதிக்கு வருவோம். வெள்ளி கறுப்பது அழுக்கினால் அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு அது. அந்தக் கறுப்பில் இருப்பதும் நாணயத்தின் சொந்த வெள்ளியே. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் போய்விடுகிறது. புடைத்து நிற்பவையே முதலில் தேயும். ஆண்டுக்கணக்கில் துலக்கிய பம்பாய் ரூபாய், பார்வைக்குக் கல்கத்தா ரூபாயாகிவிடும்! காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த நாணயங்களின் கதி இதைவிட மோசம்.

குறி ஒருபுறமிருக்க, உலோகம் மெய்யானதுதானா? எங்கள் திருநீர்மலைக்கு அடுத்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய காசுகளும் விற்பனைக்கு வரும். அத்தகைய இடங்களில் போலிகளும் கலந்தே இருக்கும். கல்லில் தட்டி ஓசை கேட்பதைவிட ஆர்க்கிமிடீஸ் சொன்ன வழி நம்பகமானது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு இன்று பெரிய விலையில்லை. முதலில் நாணயத்தை உலர்ந்த நிலையில் நிறுத்துங்கள். பிறகு தராசில் ஒரு தம்ளர் நீரை வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். நூலில் கட்டிய நாணயத்தை நீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அது அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருக்கவும் கூடாது. நீர் நாணயத்தை மேலே தள்ளுகிறது. நாணயம் நீரை அதே விசையுடன் கீழே தள்ளுகிறது. தராசு காட்டும் கிராம் எண்ணே நாணயத்தின் பருமன், கன சென்டிமீட்டரில்.

நல்ல ரூபாய்க்கு 1.13 அளவில் வரும், 11.66ஐ அதனால் வகுத்தால் அடர்த்தி 10.3. போர்க்காலத்தில் 1940 முதல் 1945 வரை வெள்ளியைப் பாதியாகக் குறைத்து அச்சிட்ட ரூபாய்க்கு 1.22, அடர்த்தி 9.5. வெள்ளி முலாம் பூசிய பித்தளையானால் 1.37 அளவுக்குப் போகும். நாணயம் தேய்ந்தால் எடை குறையும், அடர்த்தி மாறாது. நிறுத்துப் பார்ப்பதோடு மட்டும் நின்றுவிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் யாராவது நல்ல வெள்ளியிலேயே போலிக் குறி வைத்திருந்தால் தராசு காட்டிக்கொடுக்காது. அதற்கு மீண்டும் உருப்பெருக்கிதான்.

தேதியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் 1874 வரை அதே தேதியோடு வெளிவந்தது. பம்பாய்ச் சாலை தேதியருகே புள்ளிகள் வைத்தது. அவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு உண்மையான ஆண்டை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மிக நுண்ணிய வேலை அது. மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறதென்று எதிர்ப்பு எழுந்த 1911ஆம் ஆண்டு ரூபாயும் உருப்பெருக்கிக்கு நல்ல விருந்து. 1912இல் துதிக்கையைத் திருத்திவிட்டார்கள்.

‘அபூர்வக் குறி, லட்ச ரூபாய்’ என்ற பேச்சை நான் விரும்புவதில்லை. விலைக்காகச் சேர்ப்பவர் புள்ளியைக் காண ஆசைப்படுவார். ஆசைப்பட்ட கண்ணுக்கு அழுக்குத் துகளும் புள்ளியாகத் தெரியும். நிலத்தைத் தோண்டும்போது பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அதையும் மறக்கவேண்டாம்.

வெள்ளி ரூபாய் இல்லாதவர்கள் வருந்தவேண்டியதில்லை. சட்டைப்பையிலுள்ள காசை எடுத்து ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் பெரும்பாலும் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. கொல்கத்தாவுக்கு இன்றும் குறி கிடையாது. நூறு காசுகளைப் பார்த்துக் கணக்கெடுங்கள். ஆனால் எண்ணத் தொடங்குமுன், எந்தச் சாலையின் காசு அதிகமாக இருக்கும் என்ற உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதி மடித்துவையுங்கள்.